மதரஸாக் கிணற்றுத் தண்ணீர்

பெரியமேடு, மதராஸ்
10-7-1958

அன்புள்ள ரஃபிக்கு, வாஹித் பாஷாவின் சலாம்.

ஊரே உன்னை ஹஜ்ரத் என்கிறது. மதரஸாவின் தலைமை ஆசிரியருக்கு மரியாதையாக எழுத வேண்டும் என்று என் மனைவியும் சொல்கிறாள். ஒன்றாகப் படித்து, ஒரே பிரம்பில் அடி வாங்கியவனை நான் எப்படி ஹஜ்ரத் என்று கூப்பிடுவது? கூட்டத்தில் கூப்பிடுகிறேன். கடிதத்தில் நீ ரஃபிதான்.

போன மாதம் வந்தபோது உன் பையன்களைப் பார்த்தேன். தகரக் கொட்டகைக்குக் கீழே, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஓதுகிறார்கள். ஒருவன் கிதாபின் மேலேயே தூங்கிவிட்டான். நீ பிரம்பை எடுத்தாய், பிறகு என்னைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாய். "இன்னா பாய் பண்றது, இந்த வெயில்ல எனக்கே எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாயே, அது மதராஸ் வரைக்கும் என் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. நாம் தங்கிப் படித்த இடத்திலும் இதே கதிதான். நீ தாங்கிக்கொண்டாய். நான் ஓடிப்போய்த் தோல் வியாபாரத்தில் விழுந்தேன். அங்கே ஒரு மரம் இருந்திருந்தால் நானும் உன்னைப் போல ஆலிம் ஆகியிருப்பேனோ என்னவோ. சிரிக்காதே.

ஆலங்காயத்திலிருந்து வேப்பங்கன்று, புங்கங்கன்று, நாவல் எல்லாம் வண்டியில் வருகின்றன. கூடவே வேலு என்று ஒரு தோட்டக்காரன் வருகிறான். பையன்கள் தொழுகைக்கு முன்னால், கிணற்று நீர் நிரப்பிய ஹவுளில் கைகால் கழுவுகிற தண்ணீரெல்லாம் வீணாகத்தானே ஓடுகிறது? அதற்கு வாய்க்கால் வெட்டிக் கன்றுகளுக்கு விடு. ஒளு செய்த தண்ணீரில் வளர்ந்த மரத்தடியில் பாடம்! இந்த யோசனை எனக்கு வந்திருக்கும் என்று நீ நம்ப மாட்டாய். என் மனைவியுடையதுதான்.

காலஞ்சென்ற என் அம்மா பெயரில் "ஹலீமா பீ சோலை" என்று ஒரு கல் நட்டுவிடு. உன் பின்சுவரை ஒட்டித்தானே என் டேனரி இருக்கிறது? அங்கே தோல் ஊறப்போடப் புதிய தொட்டிகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்களையே கல் நடவும் கூப்பிட்டுக்கொள். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

உன் தோஸ்த்,
வாஹித்


மதரஸா, ஆம்பூர் அருகே
24-10-1958

வாஹித் பாய்க்கு ரஃபி அகமதுவின் சலாமும் துஆவும்.

கன்றுகள் பிடித்துக்கொண்டன. நீ வந்து பார்த்தால் உன் பணம் இவ்வளவு பச்சையாக இருக்குமா என்று ஆச்சரியப்படுவாய். ஒவ்வொரு பையனும் ஒரு மரத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டான். மனப்பாடம் செய்யத் திணறுகிறவன் விடிந்ததும் தன் மரத்திடம் போய் ஓதிக் காட்டுகிறான். மரம் அடிக்காது என்பதால் அவனுக்குப் பயமில்லாமல் வருகிறது. நான் பிரம்பைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஒரு தொல்லைதான். ஒளு செய்வதற்கு ஒரு சொம்பு போதும். இவர்கள் நாலு சொம்பு ஊற்றுகிறார்கள். ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கண்டித்தேன். "எங்களுக்கு இல்ல ஹஜ்ரத், மரத்துக்கு" என்கிறார்கள். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு என்னைப் பேஜார் பண்ணுகிறார்கள். அதில் எனக்கு உள்ளூர சந்தோஷம். வேலு ஓரமாக நின்று சிரிக்கிறான்.

உன் புதிய தொட்டிகள் முடிந்து தோல் ஊறுகிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் துவர்க்கிற மாதிரி இருக்கிறது. மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் அப்படித்தான். அம்மா பெயர்க் கல்லை வாசலில் இல்லாமல் சோலையின் நடுவே நட்டிருக்கிறேன்.

ரஃபி


மதரஸா
12-2-1959

வாஹித் பாய்க்கு சலாம்.

பின்சுவர்ப் பக்கத்துக் கன்றுகளில் இலை ஓரம் கருகுகிறது. பனியாக இருக்கலாம். வெயில் ஏறுவதாகவும் இருக்கலாம். வேலு வேறு ஒரு காரணம் சொல்கிறான். அதை நேரில் பேசிக்கொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை.

ரஃபி


பெரியமேடு
9-3-1959

ரஃபி,

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பாதிக் கன்று செத்துவிட்டதாக மேனேஜர் எழுதியிருக்கிறார். நீ ஏன் எழுதவில்லை? அந்த வேலு, வேலையை விட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து, "சாயபு ஒரு கையால நட்டாரு, இன்னொரு கையால சாவடிக்கிறாரு" என்று பேசுகிறானாம். என் தொட்டித் தண்ணீர் சுவருக்கடியில் கசிந்து உங்கள் கிணற்றில் இறங்குகிறதாம். பின்பக்கம் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் கீரைப்பாத்தி வைத்திருக்கும் மீனாம்பாள் என்கிற அம்மாளும் அதைக் கேட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போகப் போகிறாளாம். வேலுவை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். டேனரிக்காரன் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நீ சொன்னால் ஊர் நம்பும். பையன்கள் அந்தத் தண்ணீரில்தானே ஒளு செய்து தொழுகிறார்கள்? கெட்டுப்போன தண்ணீராக இருந்தால் நீ விட்டிருப்பாயா? அதை மார்க்கத் தீர்ப்பாக, ஒரு ஃபத்வாவாக எழுதி அனுப்பு. சின்ன வயதிலிருந்து தோலை ஊறவைக்கும் மரப்பட்டைத் தொட்டி ஓரமாகவே நின்று எனக்கு மூக்கும் செத்துவிட்டது, நாக்கும் செத்துவிட்டது. எல்லாத் தண்ணீரும் எனக்கு ஒன்றுதான். உன் வாயைத்தான் நம்புகிறேன்.

கொட்டகையின் தகரத்தை எடுத்துவிட்டு ஓடு போடுவது பற்றி ரம்ஜான் முடிந்ததும் பேசுவோம்.

வாஹித்


மதரஸா
20-3-1959

மதிப்பிற்குரிய சாயபு அவர்களுக்கு,

கேட்டபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கிணற்று நீர், அது இருக்கும் மண்ணின் இயல்பால் நிறமோ சுவையோ மாறினால் சுத்தமானதே. அதில் ஒளு கூடும். இதுதான் சட்டம். முத்திரையும் வைத்திருக்கிறேன்.

பையன்கள் ரம்ஜான் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறார்கள். மதரஸா வெறிச்சென்று கிடக்கிறது. வேலு நேற்றுப் போய்விட்டான். மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டு, "வர்றேங்க ஹஜ்ரத்" என்றான். நான் ஓதிக்கொண்டிருப்பது போல இருந்துவிட்டேன்.

ஓடு பற்றி நினைவு வைத்திருப்பதற்கு நன்றி.

ரஃபி அகமது


பெரியமேடு
15-4-1959

அன்புள்ள ரஃபிக்கு, பெருநாள் வாழ்த்து.

நீ எழுதிய தாளை மேனேஜர் கண்ணாடிச் சட்டம் போட்டு டேனரி ஆபீசில் மாட்டிவிட்டார். மீனாம்பாள் வாடிப்போன கீரையைக் கூடையோடு கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினாளாம். மேனேஜர் உன் தாளைப் படித்துக் காட்டினாராம். "ஹஜ்ரத்தே சொல்லிட்டாரா? அப்ப சரிங்க. என் கைராசிதான் போய்ட்ச்சி போல" என்று கீரையைத் திரும்பக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாளாம். பஞ்சாயத்தும் இல்லை, பேச்சும் இல்லை. உன் ஒரு தாள் செய்த வேலையைப் பார்த்தாயா!

புதுக் கன்றுகள் அனுப்புகிறேன். அது சரி, இந்த முறை என்ன "சாயபு அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாய்? என் மனைவி பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள்.

வாஹித்


மதரஸா
2-6-1959

வாஹித்,

சாயபு என்று ஏன் எழுதினேன் என்று கேட்டிருந்தாய். வெட்கத்தில் எழுதினேன். தோஸ்துக்கு அந்தத் தாளை என்னால் அனுப்பியிருக்க முடியாது.

புது வருஷப் பாடம் தொடங்கிவிட்டது. நம் சட்டக் கிதாபில் முதல் பாடமே தண்ணீர்தான், உனக்கு நினைவிருக்கும். எந்தத் தண்ணீரில் ஒளு கூடும், எதில் கூடாது. நீயும் அதுவரைக்கும் இருந்துவிட்டுத்தான் ஓடினாய். கொட்டகை கொதித்ததால் பையன்களைச் சோலைக்குக் கூட்டிப்போனேன். சோலை என்று சொல்கிறேன், நிற்பதெல்லாம் குச்சிகள். பழக்கத்தில் அவரவர் மரத்தடியில் வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். நான் பாடம் சொன்னேன். தண்ணீருக்கு மூன்று குணம்: நிறம், சுவை, வாசனை. வெளியிலிருந்து ஒன்று வந்து கலந்து இவற்றைக் கெடுத்தால் அதில் ஒளு கூடாது. சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்திலேயே ஹவுள் இருக்கிறது. அதன் உள்சுவரில் பட்டைத் தண்ணீரின் சிவப்பு படிந்திருக்கிறது. எல்லாப் பையன்களும் ஒருமுறை ஹவுளைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து கிதாபைப் பார்த்தார்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை.

போன வருஷம் கேள்வி கேட்டே என்னைத் துளைத்தவர்கள் இதே பையன்கள். ஃபத்வா விஷயம் அவர்களுக்குத் தெரியும். ஹஜ்ரத்தைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பேசாமல் இருந்தார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. நிழல் கொடுத்தால் படிப்பு வளரும் என்று மரம் நட்டோம். சோறு போடுகிறவரைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்பதை அந்த மரத்தடியில் வைத்தே நான் படித்துக்கொடுத்துவிட்டேன்.

நான் எழுதிய சட்டம் சரியானது. மண்ணின் இயல்பால் மாறினால் சுத்தம் என்று எழுதினேன். இந்தக் கிணறு மண்ணால்தான் மாறியது என்று எழுதவில்லை. அப்படி எழுதாமல் தப்பித்ததை அன்று சாமர்த்தியம் என்று நினைத்தேன். வேலு சுவரடியில் கசிவைக் காட்டியபோது நானும் தொட்டுப் பார்த்தேன், வாஹித். விரல் சிவந்தது. உன்னிடம் சொல்லவில்லை. ஓடு வரும், பையன்களுக்கு நல்லதுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

போன வாரம் இரண்டு பையன்களை வயிற்றுக்கடுப்போடு வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். சவுரியம்மாள் என்று ஒரு நர்ஸம்மா. "இன்னா தண்ணிங்க குடிக்கிறாங்க பசங்க?" என்று கேட்டார். "கிணத்துத் தண்ணிதாம்மா" என்றேன். "நல்ல தண்ணிதானே?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். தாடியும் தலைப்பாகையுமாக, சுருண்டு கிடந்த பிள்ளைகளின் முன்னால் பொய் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். உட்கார முடியவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமையே ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நான் எழுதியது இந்தக் கிணற்றுக்குப் பொருந்தாது, டேனரித் தண்ணீர் கலந்திருக்கிறது, இதில் ஒளு கூடாது, குடிக்கவும் கூடாது என்றேன். "அப்ப இத்தனை மாசம் தொழுத தொழுகை இன்னா ஆவறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "அது என் தலையில" என்றேன். கிணற்றுக் கயிற்றைக் கழற்றிவிட்டேன். பையன்கள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி அங்கேயே ஒளு செய்கிறார்கள். குடிக்கவும் அங்கிருந்தே குடத்தில் கொண்டுவருகிறார்கள்.

மீனாம்பாள் வீட்டு வாசலிலும் போய் நின்றேன். தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அந்த அம்மாள் பாய் விரித்து உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

மேனேஜரிடம் அந்தத் தாளைக் கேட்டேன். உன் உத்தரவு வேண்டுமாம். கழற்றச் சொல். என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவதென்றால் அதற்கும் கட்டுப்படுகிறேன்.

ரஃபி


பெரியமேடு
11-6-1959

ஹஜ்ரத் ரஃபி அகமது அவர்களுக்கு,

பள்ளிவாசலில் நின்று என் மானத்தை வாங்கியதற்கு நன்றி. அதற்கு முன்னால் எனக்கு ஒரு கார்டு போட உங்களுக்குக் கை வரவில்லை. ஊர் முன்னால் மட்டும் வாய் வந்துவிட்டது.

உங்களிடம் நான் கேட்டது ஃபத்வா. பொய் எழுதுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் வாயைத்தான் நம்புகிறேன் என்று எழுதினேன். விரலில் சிவப்பைப் பார்த்துவிட்டு முத்திரை வைத்தது நீங்கள். இப்போது நியாயஸ்தர் ஆனதும் நீங்களே. பாவி மட்டும் நான்.

தொட்டிகளை மூடிவிட்டால் அதில் இறங்கி வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள்? உங்கள் மாணவர்களிலேயே எத்தனை பேருடைய அத்தா அங்கே தோல் சீவுகிறார் என்று விசாரித்துப் பாருங்கள். அந்தக் கூலியில்தான் அவர்கள் பிள்ளையை உங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

மதரஸா கமிட்டி கூடும்வரை இருங்கள். தாள் அங்கேயே தொங்கட்டும். அது உங்கள் கையெழுத்துத்தானே.

வாஹித் பாஷா


மதரஸா
28-8-1959

வாஹித்,

நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. உன்னை ஏமாற்றியது நான்தான். உன்னிடம் முதலில் சொல்லாமல் ஊருக்குச் சொன்னதும் தைரியத்தில் இல்லை. உனக்குச் சொன்னால் நீ ஏதாவது சொல்லி என்னைத் தடுத்துவிடுவாய், நானும் தடுக்கப்பட்டுவிடுவேன் என்ற பயத்தில்தான்.

விசாரித்தேன். ஐந்தாறு பையன்களின் அத்தாக்கள் உன் டேனரியில்தான் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், தொட்டிய மூட்டா எங்க கதி இன்னா?" என்று கேட்டார். ஆனால் அவரும் இப்போது ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார். தன் பிள்ளையின் மரத்துக்கு ஒரு குடம் சுமந்து வந்து ஊற்றிவிட்டுப் போனார்.

ஆலங்காயத்துக்குப் போய் வேலுவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து கைகட்டி நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மன்னித்துவிடு, திரும்ப வேலைக்கு வா என்றேன். "சாயபு கூப்ட்டா வர்றேங்க. அவரு கோவத்துல தொரத்துனாரு, அது போய்டும். நீங்க அன்னிக்கி தலைய தூக்கிக்கூட பாக்கலியே ஹஜ்ரத்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

வாசல் பக்கத்து நாவல் ஒன்று மட்டும் பிழைத்திருக்கிறது. பையன்கள் அதன் சின்ன நிழலில் முறை வைத்து உட்கார்கிறார்கள். மறுபடியும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நேற்று ஒருவன், "ஹஜ்ரத், தப்பா எழுதுனது உங்களுக்கே தெரியும்போது எப்டி எழுதுனீங்க?" என்று கேட்டான். எல்லோர் முன்னாலும் பதில் சொன்னேன்.

கமிட்டிக்குக் காத்திருக்கிறேன்.

ரஃபி


பெரியமேடு
20-9-1959

ரஃபி,

போன புதன்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். யாருக்கும் தெரியாது. லுங்கியும் துண்டுமாக ஆம்பூரில் ரயிலிறங்கி நேரே மதரஸாவுக்கு நடந்தேன். உன்னைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு, உன்னை எடுத்துவிடுவதென்ற கமிட்டி முடிவையும் கையில் கொடுத்துவிட்டு வரலாம் என்று வந்தேன். நீ ஏதோ வேலையாக வேலூர் போயிருந்தாய்.

லுஹர், மதியத் தொழுகை நேரம். ஒளு செய்யலாம் என்று போனால் ஹவுள் காய்ந்து கிடக்கிறது. கிணற்றில் கயிறு இல்லை. அங்கே ஓதிக்கொண்டிருந்த ஒரு புதுப் பையனிடம் கேட்டேன். "அந்தத் தண்ணி கூடாதுங்க பாய். டேனரித் தண்ணி கலந்துட்ச்சி. ஆத்துக்குப் போங்க" என்றான்.

"யாரு டேனரிப்பா?"

"வாஹித் பாஷா சாயபுது. அவரு நல்லவருதான் பாய். இந்த மரமெல்லாம் அவரு வெச்சதுதான். பட்டை வாசனையில அவருக்கு மூக்கு போய்ட்ச்சாம். அதனால அவருக்குத் தெரியாதாம். ஹஜ்ரத் சொன்னாரு, அவர யாரும் தப்பா பேசக் கூடாதுன்னு."

நான் அந்த இடத்திலேயே பூமிக்குள் போயிருக்கலாம், ரஃபி.

ஏனென்றால் எனக்குத் தெரியும். புதுத் தொட்டி கட்டும்போதே மேஸ்திரி, உள்ளே சிமெண்டு பூசாவிட்டால் சுவருக்கடியில் இறங்கிவிடும் என்றார். லண்டன் ஆர்டர் அவசரம், சிமெண்டு பர்மிட்டுக்கு அலைய நேரமில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன். அதே வாரம்தான் உனக்குக் கன்று அனுப்பினேன். வேலு சொன்னது முதல் நாளே எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவனைத் துரத்தினேன், புரிந்ததால்தான் உன்னிடம் தாள் கேட்டேன். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேனே, அதை எழுதும்போதும் எனக்குத் தெரியும். மூக்கு செத்தவன் என்று நான் சொன்னதை நீ எனக்குக் கவசமாகப் போட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

தொழுகைக்கு வரிசை கட்டத் தொடங்கினார்கள். ஆற்றுக்குப் போய்வர என் முழங்கால் வலியோடு நேரம் போதாது. தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யலாம் என்பது வரைக்கும் நானும் படித்தவன்தான். அம்மா பெயர்க் கல்லின் கீழே குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் வைத்தேன். முகத்தில் தடவ எடுத்தேன். கை முழுக்கப் பட்டைத் தொட்டிச் சிவப்பு. அதன் மேலே தோலிலிருந்து வந்த உப்பு வெள்ளையாகப் பூத்து ஒட்டியிருந்தது. தினமும் நான் பார்க்கிற நிறம்தான். அம்மா பெயருக்குக் கீழே அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. அந்தக் கையை முகத்துக்குக் கொண்டுபோக என்னால் முடியவில்லை. உள்ளே "அல்லாஹு அக்பர்" என்று கேட்டது. நான் இரண்டு கைகளையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். தொழாமலேயே போய்விட்டேன்.

நேரே டேனரிக்குப் போய் உன் தாளை என் கையாலேயே கழற்றினேன். இங்கே என் பெட்டியில் இருக்கிறது. புதுத் தொட்டிகளைக் காலி செய்து சிமெண்டு பூசும்வரை தோல் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆட்களுக்கு அதுவரை கூலி உண்டு. பழைய தொட்டிகளை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. கமிட்டியில் உன்னைப் பற்றி இனிப் பேச்சில்லை.

உன்னிடம் ஒரு ஃபத்வா கேட்கிறேன். அந்த மண்ணில் தயம்மும் கூடுமா? இந்த முறை யாருக்காகவும் எழுதாதே.

வாஹித்


மதரஸா
24-9-1959

வாஹித்,

கூடாது.

வேலுவுக்கு நீயே ஒரு கார்டு போடு. பிறகு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் புறப்பட்டு வா. ஒளு செய்ய ஆற்றுக்குப் போவோம்; பக்கம்தான், முழங்கால் வலித்தால் என் தோளைப் பிடித்துக்கொள். பையன்கள் முன்னால் போவார்கள். நாம் பின்னால் தலையைக் குனிந்துகொண்டே நடக்கலாம்.

ரஃபி